அடுப்பு எரிய வேண்டிய தேதி: வளாகப் பசுமைத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்தால் காட்பாடியில் உள்ள எங்கள் பட்டறைக்கு இறுதியாண்டு மாணவர்கள் வரத் தொடங்குவார்கள். கையில் ஒரு வரைபடம், கண்ணில் தூக்கக் கலக்கம், பேச்சுக்குப் பேச்சு ‘நிலைத்த வளர்ச்சி’. விடுதிச் சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு, கூரையில் சூரிய மின்சாரம், மழைநீர்க் கிணறு, மாணவர் நலனுக்கு ஒரு செயலி. எண்ணத்தில் குறையே இல்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து விடுதிகளுக்குப் பயோகேஸ் கலன் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர், நாங்கள் இத்தொழிலுக்கு வந்த புதிதில் செய்த கோளாறுகளையே கணினியில் அழகாக வரைந்து கொண்டுவருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒழுகும் குழாய், அளவு தவறிய வால்வு, நிழலில் போய் நிற்கும் சூரியத் தகடு ஆகியவற்றைப் பட்டறைப் பையனே சொல்லிவிடுவான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திறப்பு விழாத் தேதியை முதலில் குறிப்பது

கல்லூரிகளில் பல திட்டங்கள் தேதியிலிருந்துதான் தொடங்குகின்றன. கல்லூரிக்குத் தரம் குறிக்கும் நாக் (NAAC) குழு வரும் தேதி, தாளாளரின் பிறந்தநாள், சிறப்பு விருந்தினருக்கு ஒழிந்த தேதி. நாக் மதிப்பீட்டில் மாற்று எரிசக்தி, கழிவு மேலாண்மை, நீர் சேமிப்பு எல்லாம் வருகின்றன. ஆகவே குழு வருவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது தொலைபேசி வரும்: “சார், அன்றைக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும்.”

சிமெண்ட்டுக்கும் இரும்புக்கும் தேதி சொல்லலாம். ஆள் கூட்டி இரவு வேலை பார்க்கலாம். கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிருக்கு அப்படிச் சொல்ல முடியாது. உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் சோற்றையும் காய்கறியையும் உடைத்து அமிலமாக்கும், மணிக்கணக்கில் பெருகும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். அது பெருக நாள்கணக்காகும். சாணக் கரைசலில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் மெதுவான கூட்டம் போதிய அளவு பெருகுவதற்கு முன்பே சமையலறைக் கழிவைக் கொட்டினால், அமிலம் சேர்ந்துகொண்டே போகும். புளிப்பு கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 7க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, 6.5க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். நாளொன்றுக்கு 100 கிலோ கழிவைத் தாங்கும் மிதவை டிரம் கலன்; வாயு சேரச் சேர மேலே மூடியிருக்கும் டிரம் உயரும். சாணம் கரைத்து ஊற்றிச் சில நாட்களிலேயே டிரம் மேலே எழும்பியது. துறைத்தலைவர் கைதட்டினார், மாணவர்கள் படம் எடுத்தார்கள். ஏமாற்றும் இடமே இதுதான். முதலில் வரும் வாயுவில் பெரும்பகுதி கரியமில வாயு, அது எரியாது. அதை வெளியே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர்களோ “டிரம் ஏறிவிட்டது, இனி முழுத் தீனி” என்று முடிவு செய்துவிட்டார்கள். விழாவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அன்றாட மெஸ் கழிவோடு, விடுதி நாள் பிரியாணி மிச்சமும் எண்ணெய் மினுமினுக்க உள்ளே போனது. ஆறு மாதக் குழந்தைக்குக் கல்யாணப் பந்தி பரிமாறிய கதை.

நான் போனபோது உள்விடு தொட்டியின் விளிம்பில் எலுமிச்சைத் தோலும் முட்டை ஓடும் ஒட்டியிருந்தன. முருங்கைக்காய்ச் சக்கைகள் நீர்மட்டத்தில் நட்டுக்கொண்டு நின்றன. அவற்றின் நடுவே பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்று. காடி நெடி மூக்கில் ஏறியது, கூடவே அழுகிய முட்டை வாடை. நீல லிட்மஸ் தாளை நனைத்தேன், சிவந்துவிட்டது. “தீனியை நிறுத்துங்கள், சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், புதுச் சாணம் கரைத்து ஊற்றுங்கள், ஒரு மாதம் பொறுங்கள்” என்றேன். ஒரு மாதமா என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

விழா குறித்த நாளில் நடந்தது. அடுப்பும் எரிந்தது. திரைக்குப் பின்னால் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று நின்றிருந்தது. அதன் ரப்பர் குழாய்க்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். விருந்தினர் தீக்குச்சி கிழித்தார், சுடர் நீலமாக எழுந்தது, மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. கலன் அதற்குப் பிறகு ஒரு நாளும் எரியவில்லை. நெடி பொறுக்காமல் பெண்கள் விடுதியிலிருந்து புகார் எழுந்தபின் கழிவுநீர் லாரி வைத்து மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்தார்கள்.

லாரி வாடகையோ இரும்பு விலையோ எனக்கு உறுத்தவில்லை. அந்தக் கல்லூரியில் இன்றைக்கும் எந்த மாணவர் கழிவைப் பற்றித் திட்டம் கொண்டுபோனாலும் கணக்கு அலுவலகத்தில் ஒரே கேள்விதான்: “அந்த நாற்றத் தொட்டி மாதிரியா?” ஒரு தேதிக்காகப் பின்னால் வரும் பத்துத் தலைமுறை மாணவர்களின் வாயை அடைத்துவிட்டார்கள். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

சரியான வழியில் ரகசியம் ஏதுமில்லை. சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து நிரப்புங்கள். வாயு தொடர்ந்து எரியும்வரை, அதாவது சில வாரங்கள், வேறெதுவும் போடாதீர்கள். பிறகு முழு அளவில் பத்தில் ஒரு பங்கு கழிவில் தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். தினமும் ஒரு பிஎச் தாள் போதும். எலும்பு, முட்டை ஓடு, எலுமிச்சை, தேங்காய் நார் வேண்டாம். கலன் முழுத் தீனி எடுக்கும் நாளைப் பார்த்தபிறகு அழைப்பிதழ் அச்சிடுங்கள். 100 கிலோ கழிவிலிருந்து நாளைக்குச் சுமார் 8 முதல் 10 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய அரைக் கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். கணக்குப் போட்டால் நான்கைந்து நாளைக்கு ஒரு வணிக சிலிண்டர் மிச்சம். “விடுதிக்கே எரிவாயு தேவையில்லை” என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள்.

இன்னொன்று. கலன் எந்த நிலையில் இருந்தாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். ‘கொஞ்சம்தானே, எட்டிச் சுரண்டிவிடுகிறேன்’ என்று ஒருவர் முன்வந்தாலும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். வாடை இல்லை என்று நம்பி இறங்குகிறவர் மேலே வரமாட்டார். மாணவர் குழுவுக்கு இதைச் சொல்லும்போது மட்டும் நான் குரலை உயர்த்துவேன்.

மே மாதத்தை மறப்பது

மேலே சொன்ன தவறின் தம்பி இது. வேலூர் வெயிலை எல்லோரும் திட்டுகிறோம்; கலனுக்கு அது பிடிக்கும். 35 டிகிரி அதற்கு நல்ல சூடு. ஆனால் மே மாதத்தில் விடுதி காலி. தீனி இல்லாமல் நுண்ணுயிர் சில வாரம் அரைத் தூக்கத்தில் தாக்குப்பிடிக்கும், சாகாது. பிரச்சினை கல்லூரி திறக்கும் நாளில். ஆயிரம் பேர் ஒரே வாரத்தில் திரும்புகிறார்கள், முதல் நாள் கழிவு மொத்தமும் உள்ளே போகிறது, கலன் புளித்துப்போகிறது. ஒவ்வொரு ஜூனும் அதற்குப் புதிய தொடக்கம்தான். பத்தில் ஒரு பங்கிலிருந்து மறுபடி ஏற வேண்டும். விடுமுறையில் வாரம் இரண்டு முறை ஒரு வாளி சாணக் கரைசல் ஊற்ற ஆள் வேண்டும்.

அந்த ஆள் மாணவர் அல்ல. திட்டத்தைத் தீட்டியவர்கள் ஏப்ரலில் தேர்வு எழுதி, ஜூலையில் பெங்களூருவில் வேலைக்குப் போய்விடுவார்கள். வளாகத்தில் தங்கியிருப்பவர்கள் மெஸ் மாஸ்டர், பாத்திரம் கழுவும் அம்மா, குழாய்க்காரர். ஒரு விடுதியில் பேராசிரியர் குழு நிறம் நிறமாகத் தொட்டிகள் வாங்கி வைத்தும் கழிவு பிரியவே இல்லை. பாத்திரம் கழுவும் அம்மாவிடம் போய்க் கேட்டேன். “தட்டு வைக்கிற இடம் அந்தக் கோடி, தொட்டி இந்தக் கோடி. கையில் பத்துத் தட்டு வைத்துக்கொண்டு யார் நடப்பது, தம்பி?” என்றார். தொட்டியை இடம் மாற்றினோம். அந்த வாரமே பிரிந்தது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் வளாகங்களை 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் பெருங்கழிவு உற்பத்தியாளர் பட்டியலில் சேர்த்தன. விதியைக் கல்லூரி முதல்வர் படிக்கலாம். தட்டை வழிப்பது அந்த அம்மாதான்.

செயலி

வேண்டாம். முதலில் துடைப்பம்.

உப்புத் தண்ணீரில் சூரியத் தகட்டைக் கழுவுவது

தகட்டின் மேல் எழுதியிருக்கும் வாட், தகடு 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது எடுத்த அளவு. சித்திரை மாதம் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடித் தகடு நண்பகலில் 60ஐத் தாண்டும், டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடுகிறது. அது இயற்கை, ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் தூசியைக் கழுவுகிறேன் என்று ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரைக் காயும் வெயிலில் அடிப்பது நாமே தேடிக்கொள்ளும் இழப்பு. தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் படலம் படியும். இரண்டு கோடையில் அதை நகத்தால் சுரண்டினாலும் போகாது. சேமித்த மழைநீரில், விடியற்காலையில், மெல்லிய துணியால் துடையுங்கள்.

மழைநீர்க் குழியில் எதையும் விடுவது

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாகிவிட்டது. குழி இல்லாத வளாகம் இல்லை. வேலை செய்யும் குழிதான் அரிது. நம் ஊர் அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் இறங்கும். வெடிப்பு இல்லாத இடத்தில் வெட்டிய குழி, கொசு வளர்க்கும் தொட்டி. மேலே இருக்கும் மணல், ஜல்லி அடுக்கை ஆண்டுக்கொரு முறை ஆடிக்குள் அள்ளிக் கழுவ வேண்டும். வேப்பிலையும் வண்டலும் அடைத்தால் மழை அப்படியே வாசலைத் தாண்டி ஓடும். கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறை இறக்கிக் கட்டிய மீள்நிரப்புக் கிணறுகளை ஒருமுறை போய்ப் பாருங்கள். வகுப்பறையில் உட்கார்ந்து வரைவதைவிட அது நல்ல பாடம்.

ஆய்வகம் கழுவிய நீரைக் குழிக்குத் திருப்பலாமா என்று ஒரு குழு கேட்டது. தோல் தொழிற்சாலைக் கழிவு இந்த மண்ணின் கிணறுகளை என்ன செய்தது என்று கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கின் தலைப்பிலேயே வேலூர் இருக்கிறது; 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு நாட்டின் சட்டமாக்கியது. ஆனால் உப்பேறிய கிணற்றைத் தீர்ப்பால் இனிக்கவைக்க முடியவில்லை. கூரை நீர் மட்டும் குழிக்குப் போகட்டும்.

மாணவியரைக் கேட்காமல் நாப்கின் எரிகருவி வாங்குவது

கமிட்டியில் ஆறு ஆண்கள். கருவி வார்டன் அறை வாசலில். யார் அங்கே போய்ப் போடுவார்கள்? இரண்டாம் மாடிக் குளியலறைக்கு மாற்றியபோது புகைபோக்கி ஜன்னல் உயரத்தில் நின்றுவிட்டது. இன்றைய நாப்கினில் பிளாஸ்டிக் தாளும் உறிஞ்சும் ஜெல்லும் இருக்கின்றன. சூடு போதாத கருவியில் அவை எரியாமல் புகையும். அந்தப் புகை படிக்கும் அறைக்குத்தான் வரும். புகைபோக்கியைக் கூரைக்கு மேலே கொண்டுபோக முடியாதென்றால் கருவியே வேண்டாம். தனியாகச் சேகரித்து மருத்துவக் கழிவு கொண்டுபோகிறவர்களிடம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

மரக்கன்று

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்துக்கு வேண்டாம். புரட்டாசியில் நடுங்கள், சித்திரையில் ஊற்றுகிறவர் பெயரை எழுதிவிட்டு.

வெயிலைச் செலவில் சேர்க்காதது

மேல்மாடி அறை மாணவர் இரவு ஒரு மணிக்கு வராந்தாவில் பாய் போட்டுப் படுக்கிறார் என்றால், மனநலக் கருத்தரங்குக்கு ஆகும் செலவில் மாடிக்கு வெள்ளை அடித்திருக்கலாம். சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் கீழ் அறையின் சூடு சில டிகிரி இறங்கும். இதற்கு விழா எடுக்க முடியாது என்பதாலேயே யாரும் செய்வதில்லை என்று சில சமயம் தோன்றும்.

பராமரிப்புப் பணத்தைக் கட்டுமானத் தொகையோடு சேர்ப்பது

டெண்டர் முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். பிறகு பயோகேஸ் அடுப்பின் முனை அரித்துப்போனால், குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் கட்டிச் சுடர் துள்ளினால், முந்நூறு ரூபாய்க்கு மூன்று கையெழுத்து தேட வேண்டும். விடுதிக் கணக்கில் தனித் தலைப்பு போடுங்கள். மிச்சமாகும் சிலிண்டர் பணம் அதே தலைப்பில் வரவாக ஏறட்டும். அதில் ஒரு பங்கு மெஸ் ஊழியர்களுக்குத் தீபாவளியில் போகும் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசியாகச் சொன்னதற்கு எந்தக் கணக்கு அலுவலகமும் முதல் முறையில் ஒத்துக்கொள்ளாது. இரண்டாம் முறை போகும்போது மெஸ் மாஸ்டரையும் அழைத்துப் போங்கள்.