டோபா ஏரியை வரைபடத்தில் படிப்பது எப்படி?

சுமத்ராவின் டோபா உலகிலேயே மிகப் பெரிய எரிமலை ஏரி. கணினியில் கூகுள் எர்த் ப்ரோ இருந்தால் அரை மணி நேரத்தில் இதன் அமைப்பு பிடிபட்டுவிடும்.

படி 1: தேடல் பெட்டியில் 2.6, 98.8 என்று இடுங்கள். சுமார் 100 கி.மீ. நீளமும் 30 கி.மீ. அகலமும் கொண்ட நீர்ப்பரப்பு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கும். இங்கே கூம்பு வடிவ மலையைத் தேட வேண்டாம். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த மாபெரும் வெடிப்பில் அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேற, மேல்தளம் இடிந்து உள்ளே இறங்கியது. அந்தப் பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இழுத்துக் காட்சியைச் சாய்த்தால் கரையோரச் சரிவுகள் தெரியும்.

படி 2: இதுதான் முக்கியமான படி. அளவுகோல் கருவியில் பாதை வகையைத் தேர்ந்து, கிழக்குக் கரையிலுள்ள பாராபாட்டிலிருந்து சமோசிர் தீவைக் கடந்து பாங்குருரான் வரை கோடு போடுங்கள். சேமித்து, அதன்மேல் வலது சொடுக்கி உயரக் குறுக்குவெட்டைத் திறங்கள். ஏரி சுமார் 900 மீட்டரில் தட்டையாகவும், தீவின் கிழக்குப் பக்கம் செங்குத்தாகவும், மேற்குப் பக்கம் மெல்லத் தாழ்ந்தும் தெரியும். சமோசிரைத் தனி எரிமலை என்று நினைப்பதுதான் பலர் செய்யும் பிழை. அது ஏரியின் பழைய அடித்தளம். வெடிப்புக்குப் பின் கீழிருந்து வந்த அழுத்தத்தால் சாய்ந்தபடி மேலெழுந்தது. அதனால்தான் தீவின் உச்சிப்பகுதியிலும் ஏரிப் படிவுகள் கிடைக்கின்றன. பிற்பாடு உருவான எரிமலை வேண்டுமென்றால் பாங்குருரானுக்கு மேற்கே உள்ள புசுக் புகிட்டைப் பாருங்கள்.

குறுக்குவெட்டில் நீரின் ஆழம் வராது. மென்பொருள் நீர்மட்டத்தை மட்டுமே காட்டுகிறது. உண்மையில் ஏரி 500 மீட்டர் வரை ஆழமானது.

படி 3: பாங்குருரானை நெருக்கமாகப் பாருங்கள். ஒரு குறுகிய நிலத்துண்டு சமோசிரைச் சுமத்ராவோடு இணைத்திருந்தது. டச்சு ஆட்சியில் வெட்டிய கால்வாய் அதைத் துண்டித்த பிறகே சமோசிர் முழுத் தீவானது.

படி 4: கரையைச் சுற்றி வந்து வடிகாலைத் தேடுங்கள். தென்கிழக்கில் போர்சியா அருகே அசகான் ஆறு புறப்பட்டு மலாக்கா நீரிணையை அடைகிறது. சிகுரா-குரா அணை இந்த ஆற்றின் குறுக்கே இருக்கிறது.

படி 5: இப்போது பார்வையை அகலமாக்கி, ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை அளவுகோலை நீட்டுங்கள். தூரம் 2,500 கி.மீ.க்கு மேல் வரும். டோபாவின் சாம்பல் அங்கே தனி அடுக்காகவே மண்ணுக்குள் கிடைத்திருக்கிறது.