ஃபைலை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள்

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். "நம்மகிட்ட எந்தப் புற்றுநோய் அதிகம்?" என்று கேட்டு வரும் முதுநிலை மாணவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, முதன்முதலாக நோய் கண்டறியப்பட்டவர்களை மட்டும் எடுங்கள். கீமோவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை வருகிறவரை அட்மிஷன் நோட்டைப் பார்த்து எண்ணினால், ஒருவர் ஆறு பேராகிவிடுவார்.

பெயரில்தான் பெரிய சிக்கல். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஓ.பி. சீட்டில் கணவரின் இனிஷியல், வயது 52. பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் அப்பாவின் இனிஷியல், வயது 55. இரண்டு பேர் என்றே எழுதிவிட்டேன். இரண்டு ஃபைலிலும் மகனின் போன் நம்பர் ஒன்றாக இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அன்றிலிருந்து ஊர், தெரு, போன் நம்பர் மூன்றையும் ஒப்பிடாமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

அப்புறம், நோய் தொடங்கிய இடம். மார்பகம் சி50, கர்ப்பப்பை வாய் சி53, இரைப்பை சி16 என்று சர்வதேச நோய்க் குறியீடுகள் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில் கல்லீரல் கட்டி என்றிருக்கும். பயாப்ஸியைத் தேடிப் பிடித்தால் இரைப்பையில் தொடங்கிப் பரவியது என்றிருக்கும். அது சி16தான். தொடங்கிய இடமே தெரியாவிட்டால் சி80. ஊகித்து எழுதாதீர்கள்.

சதவீதத்தை ஆண், பெண் தனித்தனியாகப் போடுங்கள். உதாரணத்துக்கு, புற்றுநோய் உள்ள 120 பெண்களில் 36 பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்றால் 30 சதவீதம். ஆனால் எண்ணிக்கை சிறியது. உண்மை அளவு சுமார் 22 முதல் 38 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். அந்த வீச்சையும் எழுதுங்கள்.

இதை மதுரையின் நோய் அளவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கதிர்வீச்சு மெஷின் உள்ள இடத்துக்கு வாய், கர்ப்பப்பை வாய் நோயாளிகள் கூடுதலாக வருவார்கள். சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்தும் வருகிறார்கள். ஊரின் அளவு தெரிய, அங்கே குடியிருப்பவர்களை எல்லா ஆஸ்பத்திரி, லேப், இறப்புப் பதிவிலிருந்தும் திரட்டி, லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும். சென்னைக்கு அடையாறு புற்றுநோய் நிலையம் 1982 முதல் அப்படித் திரட்டி வருகிறது.

அதனால் அட்டவணைத் தலைப்பில் 'இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில்' என்று போடுங்கள். பக்கத்திலேயே நோயாளியின் மாவட்டத்துக்கு ஒரு கட்டமும் வையுங்கள்.