ஜிடிபியை ஐந்தொகை மாதிரிப் படிக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் வட்டிக்கடைக் கணக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐந்தொகை, அதாவது பற்றும் வரவும் சேர்த்துப் பார்க்கும் இருப்புக் கணக்கு, ஒத்துப்போகாமல் இடித்தால் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போக முடியாது. நாலணா வித்தியாசத்துக்கும் பேரேட்டை மறுபடி புரட்ட வேண்டும். அந்தக் கண்ணோடு இந்திய ஜிடிபி (நாட்டுக்குள் உற்பத்தியானதன் மொத்த மதிப்பு) அட்டவணையைத் திறந்தால், செலவுப் பக்கத்தில் 'டிஸ்கிரிபன்சீஸ்', அதாவது ஒத்துப்போகாத வித்தியாசம், என்ற வரியில் ஆயிரக்கணக்கான கோடி நிற்கும். "எழுதினவன் எங்கேயோ கை வைத்திருக்கிறான்" என்று உடனே தோன்றும். முதல் தவறு இதுதான்.

கடைக் கணக்கில் ஒரே சீட்டுதான் பற்றிலும் வரவிலும் ஏறுகிறது, அதனால் ஒத்துப்போயே ஆக வேண்டும். நாட்டுக் கணக்கோ இரண்டு பேர் தனித்தனியாக ஒரே வயலின் விளைச்சலை மதிப்பிட்டது மாதிரி. ஒருவர் விவசாயம், ஆலை, சேவை எவ்வளவு விளைவித்தன என்று பார்க்கிறார். இன்னொருவர் குடும்பங்கள், அரசு, முதலீடு, ஏற்றுமதி, இறக்குமதி என்று செலவு வழியாக வருகிறார். தரவுகள் வேறு வேறு. நம் தேசியப் புள்ளியியல் அலுவலகம் உற்பத்திப் பக்கத்தை உறுதியானதாக எடுத்துக்கொண்டு, செலவுப் பக்கம் குறைந்தால் கூட்டியும் மிஞ்சினால் கழித்தும் அந்த வித்தியாசத்தை வெளிப்படையாக எழுதுகிறது. அமெரிக்காவில் தலைகீழ்: அங்கே செலவுப் பக்கத்துக்குத்தான் முதல் மரியாதை.

இதற்கு மறுபக்கத் தவறும் உண்டு: வித்தியாசம் பூஜ்யமாக இருந்தால் கணக்கு சுத்தம் என்று நம்புவது. சில நாடுகளில் குடும்பச் செலவைத் தனியாக அளப்பதே இல்லை. மற்றதையெல்லாம் கழித்து மிஞ்சுவதை அங்கே போட்டுவிடுகிறார்கள். அது ஒத்துப்போகாமல் எங்கே போகும்?

அதைவிடப் பெரிய சங்கதி, இரண்டு பக்கமும் சேர்ந்தே தவறவிடுவது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்க்கும் சிறு பட்டறையை நினைத்துப் பாருங்கள். கம்பெனியாகப் பதியாத இத்தகைய தொழில்களை மாதாமாதம் யாரும் அளப்பதில்லை. எப்போதோ எடுத்த சர்வேயை அடிப்படையாக வைத்து, பெரும்பாலும் பதிவான நிறுவனங்களின் போக்கைக் கொண்டே நெடுங்காலம் இழுத்துப் பெருக்கிவந்தார்கள். 2016 பணமதிப்பிழப்பும் 2017 ஜிஎஸ்டியும் வந்தபோது பெரிய கம்பெனியும் பட்டறையும் ஒரே மாதிரி நடந்திருக்குமா? இந்தப் பிழை வித்தியாச வரியில் தெரியவே தெரியாது. ஜிடிபியைச் சந்தேகிக்க வேண்டுமானால் இங்கேதான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வித்தியாச வரியைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. அது ஜிடிபியில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் போதாது, போன வருஷம் எங்கே இருந்தது என்றும் பார்க்க வேண்டும். போன வருஷம் ஜிடிபியில் கழித்தல் 2 சதவீதம், இந்த வருஷம் கூட்டல் 1 என்றால், வளர்ச்சிக் கணக்கில் ஏறுவது அந்த ஒன்று மட்டுமல்ல, ஏறக்குறைய மூன்று. 2023 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் முந்தின வருஷம் கழித்தலில் இருந்த இந்த வித்தியாசம் கூட்டலுக்கு வந்ததால்தான் அத்தனை வாக்குவாதம்.

அப்புறம், முதல் எண்ணை முடிந்த எண் என்று எடுத்துக்கொள்வது. 2016-17 வளர்ச்சி முதலில் 7.1 சதவீதம், 2019 ஜனவரியில் அதுவே 8.2 ஆனது. 2018-19க்கோ முதலில் 7.2, 2019 மே மாதத்தில் 6.8, 2020 ஜனவரியில் 6.1. முன்கூட்டிய மதிப்பீடு, தற்காலிக மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு என்று வரிசையாக வரும், மேலேயும் போகும், கீழேயும் இறங்கும். எந்தத் தேதியில் வந்த எண் என்று பார்க்காமல் மேடையில் பேசாதீர்கள்.

ஜிடிபியையும் ஜிவிஏவையும் (ஒவ்வொரு துறையும் உற்பத்தியில் கூட்டிய மதிப்பின் மொத்தம்) குழப்புவது இன்னொன்று. 2023 அக்டோபர்-டிசம்பருக்கு முதலில் வந்த ஜிடிபி வளர்ச்சி 8.4, ஜிவிஏ வளர்ச்சி 6.5. நடுவில் நிற்பது மறைமுக வரி கழித்தல் மானியம். டிஸ்கிரிபன்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம்மூர்ச் சந்தேகம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். பழைய வீட்டைப் பிரித்த பர்மா தேக்குத் தூண் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் லட்ச ரூபாய்க்குப் போனால், ஜிடிபியில் சேர்வது கடைக்காரருக்கு அதில் நின்ற பங்கு மட்டும்தான். தூண் செய்த வருஷத்துக் கணக்கு அந்த வருஷத்தோடு முடிந்தது. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பும் பணமும் ஜிடிபியில் நேராக ஏறாது. அதை வைத்து இங்கே கட்டும் கட்டடம் ஏறும்.