பிரித்தானியாவின் எரிசக்தி விலை வரம்பு: வீட்டு பில்லைச் சரிபார்க்கும் முறை

பிரித்தானியாவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் எரிசக்தி விலை வரம்பை, தம் வீட்டு பில்லுக்கான உச்சத் தொகை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 2022 செப்டம்பர் கடைசியில், இந்த வரம்புக்குப் பதிலாக அரசு அறிவித்திருந்த விலை உத்தரவாதத்தால் எவரும் ஆண்டுக்கு 2,500 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டியிருக்காது என்று அன்றைய பிரதமர் லிஸ் ட்ரஸ்ஸே வானொலியில் சொன்னார். உண்மையில் அது சராசரியாகப் பயன்படுத்தும் ஒரு வீட்டுக்குப் போட்ட கணக்கு. கூடுதலாகச் செலவழித்தவர்கள் கூடுதலாகவே கட்டினார்கள். குளிர்காலத்தில் கைக்குழந்தையையோ முதியவரையோ வைத்துப் பராமரிக்கும் குடும்பத்துக்கு இந்தக் குழப்பம் கடனாகவே முடியக்கூடும்.

2018இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த வரம்பை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் நிர்ணயிக்கிறது. ஒரு யூனிட்டின் (கிலோவாட்-மணி) விலை, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நாள்தோறும் சேரும் ஸ்டாண்டிங் சார்ஜ் ஆகிய இரண்டுக்கும்தான் இது பொருந்துகிறது. செய்திகளில் வரும் ஆண்டுத் தொகைக்கு அடிப்படையான சராசரி, 2023 அக்டோபரில் மின்சாரத்துக்கு 2,700 யூனிட், எரிவாயுவுக்கு 11,500 யூனிட் என்று வகுக்கப்பட்டது.

எனவே அந்தத் தொகையை விட்டுவிட்டு, உங்கள் பில்லில் உள்ள இந்த இரண்டு விலைகளைத் தேடி எடுங்கள். கணக்கு எளிதாக இருப்பதற்காக, மின்சாரம் ஒரு யூனிட் 25 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 50 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் 200 யூனிட் செலவானால், மின்சாரத்துக்கு 50 பவுண்டும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கு 15 பவுண்டுமாக 65 பவுண்ட் வரும். பயன்பாட்டைப் பாதியாகக் குறைத்தாலும் அந்த 15 பவுண்ட் அப்படியே நிற்பதால், பில் 40 பவுண்டுக்குத்தான் இறங்கும். சிக்கனமாக வாழும் ஏழை வீடுகளை இந்தக் கட்டணம்தான் அதிகமாக வருத்துகிறது என்பது என் கருத்து.

பிறகு அந்த விலைகளை ஆஃப்ஜெம் தன் இணையதளத்தில் வெளியிடும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். நாடு 14 விநியோகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதாலும், டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிவது), பில் வந்தபின் கட்டுதல், ப்ரீபேமெண்ட் மீட்டர் (முன்பணம் போட்டுப் பயன்படுத்துவது) என்று கட்டும் முறைக்கேற்ப வரம்பு மாறுவதாலும், லண்டனில் இருப்பவர் மான்செஸ்டர் உறவினரின் பில்லோடு தன்னுடையதை ஒப்பிடுவதில் பயனில்லை. எரிவாயு மீட்டர் பெரும்பாலும் கன மீட்டரில் ஓடும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11 யூனிட்டுக்குச் சமம் என்பதை நினைவில் வைத்தால், மீட்டரிலும் பில்லிலும் எண்கள் வேறுபடுவது திகைப்பூட்டாது.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளில் விலை மாறுகிறது. எண்ணைத் தானாகவே நிறுவனத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீட்டில், அதற்கு முந்தைய நாள் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால் நிறுவனம் உத்தேசமாகக் கணக்கிடும். விலை ஏறும் காலத்தில், பழைய விலைக்குச் செலவான யூனிட்டுகள் புதிய விலையில் விழுந்துவிட வாய்ப்புண்டு.

குறிப்பிட்ட காலத்துக்கு ஒரே விலை என்று ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அத்தகைய ஒப்பந்தத்துக்கு மாறுமுன், யூனிட் விலை, ஸ்டாண்டிங் சார்ஜ், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆகிய மூன்றையும் எழுத்தில் பாருங்கள். ஒப்பந்தத்தின் கடைசி 49 நாட்களில் விலகுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

வட அயர்லாந்தும், எண்ணெயால் சூடேற்றும் வீடுகளின் எண்ணெய்ச் செலவும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருக்கின்றன. நம்மவர்களில் பலர் அறை எடுத்துத் தங்குவதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் தனியாகக் காசு வாங்கும் வீட்டுக்காரர், தாம் நிறுவனத்துக்குக் கொடுத்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது. அவருடைய பில்லைக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

பில் தவறென்று தெரிந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 8 வாரத்தில் தீராவிட்டால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மன் அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனத்தின் தவறால் பில் வராமல் போயிருந்தால், 12 மாதத்துக்கு முன் பயன்படுத்தியதற்கு இப்போது பணம் கேட்க அதற்கு உரிமையில்லை.