நண்பர்களோட பர்னிங் மேன் போறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கான செய்முறை

கேங்கா சேர்ந்து பர்னிங் மேன் போலாம்னு பேசிட்டு இருக்கீங்கன்னா முதல்ல ஒண்ண புரிஞ்சுக்கோங்க, அங்க போய் வாங்கிக்கலாம்ங்கிற பேச்சுக்கே இடமில்ல. பர்னிங் மேன்ங்கிறது ஒரு பெரிய மர மனுஷ உருவத்த எரிக்கிற கலைத் திருவிழா. இடம் அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல பிளாக் ராக் பாலைவனம், ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சு செப்டம்பர் முதல் திங்கள் வர்ற லேபர் டே வரைக்கும் சுமார் 70,000 பேர் அங்க ஒரு ஊரையே கட்டி வாழ்ந்துட்டு சுத்தமா கலைச்சுட்டு போவாங்க. அந்த ஊர்ல ஐஸ் மட்டும்தான் விலைக்கு கிடைக்கும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க உக்காந்து பேசுற பேச்சுலதான் பாதி திருவிழா இருக்கு.

படி 1: டிக்கெட்
ஆளுக்கு ஒரு டிக்கெட், வண்டிக்கு தனியா ஒரு பாஸ். எல்லாரும் அவங்கவங்க பேர்ல முன்கூட்டியே ரெஜிஸ்டர் பண்ணிடுங்க. வண்டிய குறைச்சு ஆள நிரப்பி போங்க.

படி 2: வேலைய பிரிச்சுக்கோங்க
தண்ணி ஒருத்தர், நிழல் ஒருத்தர், சமையல் ஒருத்தர், சைக்கிள் ஒருத்தர்னு பேர் போட்டு எழுதிக்கோங்க, "யாராவது கொண்டு வருவாங்க"ன்னு விட்டா யாருமே கொண்டு வரமாட்டாங்க. தண்ணி கணக்கு குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கேலன், அதாவது 5.7 லிட்டர் கிட்ட. அஞ்சு பேர் ஏழு நாள்னா 200 லிட்டர் வருது பாருங்க! இதுக்கு மேலயும் ரெண்டு நாளுக்கு தண்ணியும் சாப்பாடும் கூடுதலா வைங்க. 2023ல மழை பெஞ்சு தரை முழுக்க சேறாகி கேட்ட மூடிட்டாங்க, இருக்கிறத சிக்கனமா வச்சுக்கோங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்ல வேண்டி வந்துச்சு.

படி 3: நிழலும் காத்தும்
காலைல வெயில் ஏறினா டென்ட்டுக்குள்ள இருக்க முடியாது, மேல தனியா ஒரு பந்தல் வேணும். டென்ட்டோட வர்ற சின்ன ஆணியெல்லாம் அந்த தரைல நிக்காது, ஒரு அடிக்கு மேல நீளமான லேக் போல்ட்ட (தடிமனான பெரிய ஸ்க்ரூ) இம்பாக்ட் டிரைவர்ங்கிற ஸ்க்ரூ முடுக்குற மெஷின் வச்சு தரைக்குள்ள இறக்கி அதுல கயிறு கட்டுங்க, கிளம்பும்போது அதே மெஷின ரிவர்ஸ்ல போட்டா சுலபமா வெளிய வந்துடும். தலைய வெளிய நீட்டிட்டு நிக்கிற கம்பி மேல பழைய டென்னிஸ் பால் சொருகுங்க, இருட்டுல கால கிழிச்சுடும்.

படி 4: தூசி
இத லேசா எடுத்துக்காதீங்க. அது மணல் இல்ல, வத்திப்போன ஏரியோட அடித்தரை, பவுடர் மாதிரி நைஸா இருக்கும், காரத்தன்மை வேற, செருப்போட சுத்தினா குதிகால் வெடிச்சு எரியும். தினமும் ராத்திரி தண்ணில கொஞ்சம் வினிகர் கலந்து கால தொடச்சு, தேங்கா எண்ணெய் தடவி, சாக்ஸ் போட்டு தூங்குங்க. கண்ணுக்கு காகிள்ஸும் மூக்குக்கு மாஸ்க்கும் எப்பவும் பையில இருக்கட்டும். புழுதிக்காத்து அடிச்சு எதிர்ல ஒண்ணுமே தெரியலன்னா சைக்கிள விட்டு இறங்கி அப்படியே ஓரமா நில்லுங்க.

படி 5: போய் சேர்றது
வழில வர்ற பெரிய ஊரான ரீனோவுல சாமான், பெட்ரோல் எல்லாம் முடிச்சுக்கோங்க. வழில பிரமிட் லேக் பையூட் பழங்குடி மக்களோட ஊருக்குள்ள போவீங்க, அது அவங்க மண்ணு, ஸ்பீட் லிமிட்ட மதிச்சு போங்க. கேட்ல பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். உள்ள ஊரே கடிகார வட்டம் மாதிரி அமைஞ்சிருக்கும், அதனால அட்ரஸ் கடிகார மணியும் தெருவோட எழுத்தும் சேர்ந்து வரும், 7:30ம் சி தெருவும்ங்கிற மாதிரி. போன் சிக்னல நம்பாதீங்க, தினமும் சாயங்காலம் எத்தன மணிக்கு கேம்ப்ல கூடுறதுன்னு முன்னாடியே பேசிடுங்க.

படி 6: கலைய பாருங்க, குடுங்க
ராத்திரி சைக்கிள்லயும் உங்க மேலயும் லைட் கட்டிட்டு கிளம்புங்க, கூட்டம் முடியிற இடத்த தாண்டி இருட்டுக்குள்ள தூரமா போகப் போக தன்னந்தனியா நிக்கிற சிற்பமெல்லாம் கண்ணுல படும், நிறையதுல ஏறலாம், உள்ள போகலாம். பண்டமாற்று கிடையாது, எதிர்பாக்காம குடுக்கிறதுதான் அங்க வழக்கம், ராத்திரி குளிர்ல போறவங்களுக்கு நீங்க சூடா ஒரு டம்ளர் இஞ்சி டீ ஊத்திக்குடுத்தாலே போதும், ஆனா டம்ளர அவங்கள கொண்டு வர சொல்லுங்க.

1986ல சான் பிரான்சிஸ்கோ கடற்கரைல லாரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் ஒரு மர பொம்மைய எரிச்சதுல தொடங்கினது இது, 1990ல பாலைவனத்துக்கு வந்துச்சு. அந்த மனுஷ உருவத்த சனிக்கிழமை ராத்திரி எரிப்பாங்க, ஒரே கொண்டாட்டம். ஞாயித்துக்கிழமை எரியிறது கோயில்னு (டெம்பிள்) கூப்பிடுற மரக் கட்டடம். கூட வேல பாத்த நண்பன் விபத்துல போயிட்ட துக்கத்துல டேவிட் பெஸ்ட் 2000ல கட்டினதுல இருந்து வருஷா வருஷம் ஒரு கோயில் எழும்புது, இறந்து போனவங்க பேர், போட்டோ, சொல்ல முடியாம போன வார்த்தையெல்லாம் ஜனங்க அதோட மரத்துல எழுதி ஒட்டிட்டு போவாங்க. எரியிறதுக்கு முன்னாடியே ஒரு பகல்ல நிதானமா போய் படிங்க, உங்ககிட்டயும் ஒரு பேர் இருந்தா பேனா எடுத்துட்டு போங்க.

படி 7: தரைய தொடச்சுட்டு கிளம்புங்க
குப்பைத்தொட்டியே கிடையாது. கவர், அட்டைய எல்லாம் வீட்லயே பிரிச்சு போட்டுட்டு வாங்க; ஜிகினா, இறகு வச்ச டிரஸ் வேண்டாம். பாத்திரம் கழுவின தண்ணியையும் தரைல ஊத்தக்கூடாது, கேன்ல புடிச்சு திருப்பி எடுத்துட்டு போகணும். கூடாரம் பிரிச்சதும் எல்லாரும் வரிசையா நின்னு குனிஞ்சு தரைய பாத்துட்டே நடங்க, பிஸ்தா தோல், நூல், ஸ்க்ரூ எது கிடைச்சாலும் பொறுக்குங்க. அது அரசாங்க நிலம், அப்புறம் அதிகாரிங்க வந்து சோதிப்பாங்க, அதுல தேறினாத்தான் அடுத்த வருஷம் அனுமதி. மூட்டைய வழில இருக்கிற சின்ன ஊர்ங்க தொட்டில திணிக்காதீங்க, காசு வாங்கிட்டு குப்பை எடுத்துக்கிற இடங்க இருக்கு, அங்க குடுங்க, இல்லன்னா வீடு வரைக்கும் எடுத்துட்டு போயிடுங்க.