முதல் ரெகாட்டா: ஐஎல்சிஏ 6 படகில் மூன்று நாள் பந்தயத்தை முழுதாக முடிக்க ஒரு செய்முறை

பாய்மரப் படகுப் பயிற்சியை முடித்துவிட்டீர்கள். டேக் அடிக்க (மூக்கைக் காற்றின் ஊடே திருப்பிப் பாயைப் பக்கம் மாற்ற) தெரியும், ஜைப் ஆகும்போது (காற்று பின்னாலிருக்கப் பாய் பக்கம் மாறும்போது) குனியத் தெரியும், கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தெரியும். அடுத்த நீண்ட வார இறுதியில் கிளப்பில் ரெகாட்டா, அதாவது பல பந்தயங்கள் கொண்ட படகுப் போட்டி, இருக்கிறது என்றால் தயங்காமல் பெயர் கொடுங்கள். யாரையும் வெல்ல வேண்டாம். எல்லாப் பந்தயத்தையும் தொடங்கி, எல்லாவற்றையும் முடித்துக் காட்டுங்கள். முதல் ரெகாட்டாவில் அது ஒன்றே உங்களைப் பட்டியலில் மேலே தூக்கும்.

கணக்கு எளிது. முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, இப்படியே போகும். குறைந்த புள்ளி பெற்றவர் வெற்றியாளர். தொடங்காதவர், முடிக்காதவர், தகுதி இழந்தவர் எல்லோருக்கும் பதிவான படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய புள்ளி. 20 படகு, 6 பந்தயம், மோசமான ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆறிலும் 15ஆவதாக வந்தால் மொத்தம் 75. உங்களைவிட வேகமான ஒருவர் மூன்றில் 12ஆவதாக வந்து, மீதி மூன்றைக் கோட்டைவிட்டால் 36 + 42 = 78. நீங்கள்தான் மேலே.

படகு

இங்கே சொல்வதெல்லாம் ஐஎல்சிஏ 6 படகுக்கு. லேசர் ரேடியல் என்ற பழைய பெயரில்தான் பலருக்கும் பழக்கம். நீளம் 4.2 மீட்டர், வெற்று உடல் 59 கிலோ, பாய் 5.76 சதுர மீட்டர், ஓட்டுபவர் ஒருவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் போட்டியிட்ட வகை இதுதான். ஏறத்தாழ 55 முதல் 70 கிலோ வரை எடையுள்ளவர்களுக்குப் பொருந்தும். அதற்குக் குறைவாக இருந்தால் 4.7 சதுர மீட்டர் பாய் கொண்ட ஐஎல்சிஏ 4 வகையில் பதியுங்கள். படகின் உடல் ஒன்றேதான். மாஸ்டின் (பாய் ஏற்றும் கம்பம்) கீழ்த்துண்டும் பாயும் மட்டும் மாறும். எந்த வகை என்பதைப் பதியும்போதே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டாம் நாள் காற்று கூடிவிட்டது என்று சின்னப் பாய்க்கு மாற முடியாது.

முந்தைய நாள்: காகிதம்

இரண்டு ஆவணங்கள் வரும்: பந்தய அறிவிப்பு, செய்லிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ். பந்தயம் நடக்கும் முறையைச் சொல்லும் இரண்டாவதிலிருந்து ஐந்து விஷயங்களை ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பில் எழுதிப் படகின் தளத்தில் ஒட்டிவிடுங்கள்: உங்கள் வகையின் கொடி, முதல் எச்சரிக்கை ஒலி எத்தனை மணிக்கு, மிதவைகளைச் சுற்றும் வரிசை, முடிக்கும் கோடு எங்கே, கால வரம்பு எவ்வளவு. கரையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடலுக்குள் போக வேண்டுமா, திரும்பியதும் போட வேண்டுமா என்பதையும் பாருங்கள். நன்றாக ஓட்டிவிட்டு, கையெழுத்துப் போட மறந்து புள்ளி இழப்பவர்கள் ஒவ்வொரு ரெகாட்டாவிலும் உண்டு.

முதல் நாள் காலை: படகைக் கட்டுவது

முதல் எச்சரிக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே படகருகே இருங்கள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. இங்கே நுழைக்க வேண்டியவை நிறைய.

1. பின்பக்கத் தக்கையை முதலில் திருகி மூடுங்கள். இதை விட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் படகு கனத்து, திரும்பவே மறுக்கும். காரணம் தெரியாமல் பாயைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

2. மாஸ்டின் இரண்டு துண்டுகளையும் செருகுமுன் இணையும் இடத்திலும், மாஸ்ட் நிற்கும் குழியிலும் மணல் இல்லாமல் கழுவுங்கள். குழியில் மணல் இருந்தால் மாஸ்ட் சுழலச் சுழல அடிப்பகுதி அரைபடும். நாளடைவில் நீர் கசியும்.

3. மூன்று பேட்டன்களையும் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டைகள்) பாயில் நுழைத்து, பாயின் உறையை மாஸ்டில் ஏற்றி, படகின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பிவைத்து, மாஸ்டைச் செங்குத்தாகக் குழியில் இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் குழியின் விளிம்பு வெடிக்கும்.

4. மாஸ்டைப் படகோடு ஒரு சிறு கயிற்றால் கட்டுங்கள். படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் மாஸ்ட் கழன்று மூழ்கிவிடாமல் இருக்க இது வேண்டும். இந்தப் படகு வகுப்பின் விதியும் இதைக் கேட்கிறது.

5. பூம் (பாயின் அடியில் கிடக்கும் கம்பம்), வாங் (பூமைக் கீழே இழுக்கும் கயிறு), அவுட்ஹால் (பாயின் அடிப்பகுதியைப் பின்னால் இழுக்கும் கயிறு), கன்னிங்ஹாம் (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) ஆகியவற்றை இணையுங்கள். பாயின் பின்மூலையைப் பூமோடு ஒட்டிப் பிடிக்கும் கட்டு இறுக்கமாக இருக்கட்டும். அங்கே இடைவெளி விழுந்தால் வாங் இழுத்தும் பயனில்லை.

6. ரடரை (சுக்கான்) மாட்டி, அது மேலே கழன்று வராதபடி தடுக்கும் கிளிப் 'டக்' என்று விழுகிறதா பாருங்கள். டில்லர் (சுக்கானைத் திருப்பும் பிடி), பின்தளத்தின் குறுக்கே ஓடும் டிராவலர் கயிற்றுக்குக் கீழே நுழைய வேண்டும். மேலே விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குவது புதியவர்களின் தலையாய தவறு. நடுக்கடலில் அதைச் சரிசெய்வது பெரும் பாடு.

7. மெயின்ஷீட்டின் (பாயை உள்ளே இழுக்கும் கயிறு) நுனியில் எட்டு வடிவ முடிச்சு. டேகர்போர்டுக்கு (படகின் நடுவே நீருக்குள் இறங்கும் பலகை) தடுப்புக் கயிறு.

லைஃப் ஜாக்கெட், விசில், நேரக்கணக்கு வைக்கும் கைக்கடிகாரம், கையுறை, காலணி, தொப்பிக்கு ஒரு கயிறு, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். பந்தயங்களுக்கு நடுவே சாப்பிட வாழைப்பழம், கடலைமிட்டாய் போதும்.

பாயின் அமைப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நீங்கள் மூன்றே விஷயம் பாருங்கள். அவுட்ஹால்: பூமின் நடுவில் பாய்க்கும் பூமுக்கும் இடையே ஒரு கையகலம். வாங்: மெயின்ஷீட்டை இரண்டு கப்பிகளும் முட்டும்வரை இழுத்துவிட்டு, தளர்ந்திருக்கும் வாங் கயிற்றை எடுத்து, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் அடைப்பியில் மாட்டுங்கள், காற்று ஏற ஏற இன்னும் கொஞ்சம். கன்னிங்ஹாம்: காற்று 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வரை தளர்வாகவே இருக்கட்டும், அதற்கு மேல் இழுங்கள்.

கடலில் இறங்கியபின்

சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கப்பட்டதிலிருந்தே துறைமுகத்தோடு ஒட்டியது. அங்கே ஓட்டுபவர்கள் முதலில் பழக வேண்டியது, கப்பல் வரும் வழியில் நிற்காமல் இருப்பது. பாய்மரப் படகுக்கு முன்னுரிமை என்பதெல்லாம் அங்கே செல்லாது. கோடையில் காலை மெலிந்த நிலக்காற்று வீசி, நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து ஏறும். இரண்டுக்கும் நடுவே காற்றே இல்லாத நேரம் ஒன்று வரும். அப்போது சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஏபி கொடி ஏறினால் 'ஒத்திவைப்பு' என்று பொருள். அது இறங்கிய ஒரு நிமிடத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறிவிடும். தொலைவில் போய் அரட்டை அடிக்காதீர்கள்.

அரை மணி முன்னதாகத் தொடக்கக் கோட்டை அடையுங்கள். முதல் மிதவையை நோக்கி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, வலப்பக்கக் காற்றில் (காற்று படகின் வலப்புறம் படும்போது) படகு கரையில் எதை நோக்கி நிற்கிறது, இடப்பக்கக் காற்றில் எதை நோக்கி என்று ஒரு கட்டடத்தையோ கிரேனையோ மனதில் வையுங்கள். பந்தயத்தில் அந்த அடையாளத்திலிருந்து படகு கீழே, அதாவது காற்று போகும் பக்கம், தள்ளப்பட்டால் காற்று திரும்பிவிட்டது, டேக் அடிக்கலாம். பிறகு ஒரு மிதவையருகே படகை நிறுத்தி நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள்.

தொடக்கம்

பந்தயத்தின் பாதி இங்கேதான். கமிட்டிப் படகில் ஒரு கம்பம், மறுமுனையில் ஒரு மிதவை; இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு.

தொடக்கத்துக்கு 5 நிமிடம்: வகுப்புக் கொடி (உங்கள் படகு வகையின் கொடி) ஏறும். இதுதான் எச்சரிக்கை.
4 நிமிடம்: ஆயத்தக் கொடி ஏறும். பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைச் சதுரம் கொண்ட பி கொடி.
1 நிமிடம்: ஆயத்தக் கொடி நீண்ட ஒலியோடு இறங்கும்.
0: வகுப்புக் கொடி இறங்கும்.

கடிகாரத்தைக் கொடியைப் பார்த்து அழுத்துங்கள். ஒலி தூரத்திலிருந்து தாமதமாக வரும், வராமலும் போகலாம். கணக்கில் கொள்ளப்படுவது கொடிதான்.

பி கொடிக்குப் பதில் சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட யூ கொடியோ, கறுப்புக் கொடியோ ஏறினால் கவனம். கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் மிதவைக்கும் இடையிலான முக்கோணத்தில் உங்கள் படகு அடையாளம் காணப்பட்டால் அந்தப் பந்தயமே போச்சு. திரும்பி வந்தாலும் மன்னிப்பில்லை. அந்த நாட்களில் கோட்டிலிருந்து ஒரு படகு நீளம் பின்தங்கியே நில்லுங்கள்.

எந்த முனை லாபம் என்று அறிய, கோட்டின் நடுவே படகை நேர் காற்றுக்குத் திருப்பி நிறுத்துங்கள். மூக்கு எந்த முனைப்பக்கம் சாய்கிறதோ அந்த முனை காற்றுக்கு அருகில் இருக்கிறது. ஆனால் இதை அறிந்துகொண்டு அங்கேயே போய் நிற்காதீர்கள்! அனுபவசாலிகள் எல்லோரும் அங்கேதான் முட்டிக்கொள்வார்கள். குறிப்பாக, கமிட்டிப் படகை உரசிக்கொண்டு மேலிருந்து நுழையப் பார்க்க வேண்டாம். கீழே இருக்கும் படகு உங்களுக்கு இடம் தரவேண்டிய கட்டாயம் இல்லை. கமிட்டிப் படகிலிருந்து கோட்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இடம் பிடியுங்கள்.

கடைசி நிமிடத்தில் வலப்பக்கக் காற்றில், பாயைத் தளர்த்திப் படபடக்க விட்டு, மெல்ல ஊர்ந்து நில்லுங்கள். உங்களுக்குக் கீழ்க்காற்றுப் பக்கம் ஒன்றிரண்டு படகு அகலத்துக்கு இடைவெளி காத்துக்கொள்ளுங்கள். வேகம் பிடிக்க அந்த இடம் வேண்டும். 10 நொடி இருக்கும்போது மூக்கைச் சற்றே கீழே திருப்பி, பாயை இழுத்து, உடலை வெளியே சாய்த்துப் படகைத் தட்டையாக்குங்கள். இரண்டு மூன்று நொடி தாமதமாகக் கோட்டைக் கடந்தாலும் வேகத்தோடு கடப்பது, சரியான நொடியில் நின்ற நிலையில் இருப்பதைவிட மேல்.

ஒற்றை ஒலியோடு வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட எக்ஸ் கொடி ஏறினால் யாரோ முந்திவிட்டார்கள். அது நீங்களாக இருக்கலாம் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். வழியில் எல்லாப் படகுக்கும் நீங்கள்தான் விலக வேண்டும். இழப்பது அரை நிமிடம். திரும்பாவிட்டால் முழுப் பந்தயம்.

காற்றை எதிர்த்து

நான்கு விதிகள் உதட்டில் இருக்கட்டும்:

காற்று இடப்பக்கம் வாங்குபவர், வலப்பக்கம் வாங்குபவருக்கு விலக வேண்டும்.
ஒரே பக்கம் வாங்கும் இரு படகு பக்கவாட்டில் இருந்தால் மேல்காற்றில் இருப்பவர் விலக வேண்டும்.
பின்னால் வருபவர் முன்னால் போவோருக்கு விலக வேண்டும்.
டேக் அடித்துக்கொண்டிருப்பவர் எல்லோருக்கும் விலக வேண்டும்.

வலப்பக்கக் காற்றால் உரிமை உங்கள் பக்கம் என்றால் 'ஸ்டார்போர்டு!' (வலப்பக்கம்) என்று முன்கூட்டியே உரக்கக் கூவுங்கள். உரிமை இருந்தாலும் மோதலைத் தவிர்க்க முயலவேண்டியது இருவரின் கடமை.

அடுத்த படகின் பாய் கலைத்துவிட்ட காற்றில் மாட்டிக்கொண்டால் உடனே டேக் அடித்து வெளியேறுங்கள். ஆனால் ஒரேயடியாக ஓரத்துக்கு ஓடிவிடாதீர்கள். மிதவைக்கு நேர்க்கோடு கிடைக்கும் எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிட்டால், அதற்குப் பின் காற்று எப்படித் திரும்பினாலும் உங்களுக்கு லாபம் இல்லை.

டேக் பாதியில் நின்று படகு காற்றுக்கு நேராக உறைந்துவிட்டால், பூமையும் டில்லரையும் சேர்த்து வெளியே தள்ளுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து மூக்கு திரும்பும். பிறகு இரண்டையும் சேர்த்து உள்ளே இழுங்கள்.

மிதவை

மூன்று படகு நீளம், அதாவது 12 மீட்டர் சொச்சம், மிதவையின் வட்டம். அதற்குள் நுழையும்போது உள்பக்கம் பக்கவாட்டில் இருப்பவருக்கு வெளிப்பக்கத்தவர் இடம் தரவேண்டும். மேல்மிதவைக்கு (காற்று வரும் பக்கத்து மிதவைக்கு) மட்டும் சூது வேண்டாம்: வட்டத்துக்கு வெகு முன்பே வலப்பக்கக் காற்றுக்கு மாறி, வரிசையில் வந்து சேருங்கள். இடப்பக்கக் காற்றில் வந்து வட்டத்துக்குள் டேக் அடித்து நுழைவதுதான் தண்டனைகளின் தொழிற்சாலை.

மிதவையைத் தொட்டுவிட்டால் விலகிப்போய் ஒரு முழுச் சுற்று. இன்னொரு படகிடம் தவறு செய்தால் ஒரே திசையில் இரண்டு சுற்று. உடனே சுற்றிவிட்டால் கணக்கு தீர்ந்தது. உங்களிடம் ஒருவர் தவறு செய்து சுற்றவில்லையென்றால் அப்போதே 'புரொட்டெஸ்ட்' என்று கூவ வேண்டும். 6 மீட்டருக்குக் குறைந்த படகுக்குச் சிவப்புக் கொடி தேவையில்லை.

காற்றோடு இறங்குவது, கவிழ்வது

டேகர்போர்டை ஒரு சாண் உயர்த்தலாம். அதற்கு மேல் உயர்த்தினால் ஜைப் ஆகும்போது வாங் அதில் சிக்கிப் படகைக் கவிழ்க்கும். ஜைப்பின்போது மெயின்ஷீட்டின் தொங்கல் படகின் பின்மூலையில் மாட்டிக்கொள்வதும் இந்தப் படகின் தீராத குறும்பு. பூம் தலைக்கு மேல் கடக்கும் கணத்தில் கயிற்றை ஒரு வெடுக்கு இழுத்தால் மாட்டாது.

படகு இருபுறமும் ஊஞ்சலாடத் தொடங்கினால் பாய் அளவுக்கு மீறி வெளியே போயிருக்கிறது. இரண்டு கைப்பிடி உள்ளே இழுத்து, டேகர்போர்டைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகவே கூடாது. மெயின்ஷீட் அடைப்பியிலிருந்து விடுபட்டிருக்கிறதா பாருங்கள். மறுபுறம் சுற்றிப்போய் டேகர்போர்டின் நுனியில் அல்ல, படகை ஒட்டிய அடியில் ஏறி, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பாய் காற்று வரும் பக்கம் கிடந்தால் நிமிரும் வேகத்தில் உங்கள் மேலேயே மறுபடி விழும்; படகின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும்வரை பொறுத்து நிமிர்த்துங்கள்.

மாலை வேலைகள்

முடிக்கும் கோட்டைக் கடந்ததும் ஒதுங்கிப்போங்கள். பின்னால் வருபவர்கள் இன்னும் பந்தயத்தில் இருக்கிறார்கள். கரையேறியதும் கையெழுத்து, பிறகு நன்னீரில் கப்பிகள், ரடர், மாஸ்ட் இணைப்பு எல்லாவற்றையும் கழுவுதல். தக்கையைத் திறந்து எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று பாருங்கள். ஒரு கோப்பை வந்தால் பரவாயில்லை. வாளிக் கணக்கில் வந்தால் இரவே கசிவைத் தேடுங்கள். பாயை மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

முடிவுகள் ஒட்டப்பட்டதும் உங்கள் பாய் எண்ணையும் புள்ளியையும் சரிபாருங்கள். முடித்த பந்தயத்தில் 'முடிக்கவில்லை' என்று விழுந்திருந்தால் புகார் நேரம் கழியுமுன் ரேஸ் அலுவலகத்தில் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுங்கள். உங்களுக்கு முன்னும் பின்னும் கோட்டைக் கடந்த படகுகளின் பாய் எண்கள் நினைவிருந்தால் வேலை சுலபம். கோட்டைக் கடக்கும்போதே அவற்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.