டீசல் பிக்கப்பைப் புகை டெஸ்டுக்குத் தயார் செய்வது எப்படி?

காசிமேட்டில் விடியற்காலை ஐஸ் ஏற்ற வரிசையில் நின்றால், வண்டி நகராமலே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் ராயபுரம், தண்டையார்பேட்டை என்று நாலைந்து கிலோமீட்டர் ஓட்டம், மறுபடியும் நிறுத்தம். டீசல் வண்டியில் கரி சேர்வது இப்படித்தான். டெஸ்டுக்கு முந்தின நாள் பதறுவதில் பயனில்லை.

முதலில் ஆர்.சி.யில் பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.), அதாவது வண்டியின் புகைக் கட்டுப்பாட்டுத் தரம், எது என்று பாருங்கள். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிக்குப் புகை சர்டிபிகேட் ஓராண்டு செல்லும். அதைவிடப் பழையதற்கு ஆறு மாதம்தான். புது வண்டிக்கு முதல் ஓராண்டு தேவையில்லை. காலாவதியானால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

அடுத்து ஏர் ஃபில்டர். மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியில் அது சீக்கிரம் அடைத்துவிடும். காற்று குறைந்தால் டீசல் முழுசாக எரியாது, கரும்புகை வரும். ஃபில்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். வெளிச்சம் வெளியே தெரியவில்லையா, மாற்றிவிடுங்கள்.

பி.எஸ். 6 வண்டி என்றால் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கும். போன மழைக்காலத்தில் என் வண்டியில் அதன் மஞ்சள் விளக்கு எரிந்தது. மாதவரம் ரவுண்டானாவிலிருந்து செங்குன்றம் தாண்டி, ஜி.என்.டி. சாலையில் ஒரே சீராக இருபது நிமிடம் ஓட்டினேன், விளக்கு அணைந்தது. வேகமாகப் போகும் வண்டியில்தான் வடிகட்டி சூடேறி, சேர்ந்த கரி எரியும். பாதியில் இன்ஜினை அணைக்காதீர்கள். எவ்வளவு வேகம் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். விளக்கு மின்னினாலோ, இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

“அதைப் பிடுங்கிப் போட்டுடலாம்ணே, தொல்லை விட்டுது” என்று வடிகட்டியைக் காட்டி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அது குற்றம். அதோடு, அந்தக் கரி போய்ச் சேர்வது நம் தெருப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்.

டெஸ்டுக்கு ஆறிப்போன இன்ஜினோடு போகக் கூடாது. அரை மணி நேரம் ஓட்டி, சூட்டு முள் நடுவுக்கு வந்த பிறகு போங்கள். நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, புகையின் கருமையை அளப்பார்கள். அந்தக் கே மதிப்பு பி.எஸ். 4 வண்டிக்கு 1.62-ஐயும், அதற்கு முந்தையவற்றுக்கு 2.45-ஐயும் தாண்டக் கூடாது.

ஒவ்வொரு முறையும் அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். போன தடவை 0.9, இப்போது 1.4 என்றால் பி.எஸ். 4 வண்டி பாஸ்தான். ஆனாலும் அந்த வாரமே மெக்கானிக்கிடம், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.